ஈம்: எல்லைக்கல்லிலிருந்து பார்க்க வேண்டிய ஊர்

ஷெஃபீல்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் எதைக் காட்டினாலும் "சரி, அடுத்து?" என்ற முகம்தான். பக்கத்தில் சாட்ஸ்வொர்த் மாளிகை இருக்கிறது, அழகுதான். ஆனால் ஆறு பேர் குடும்பத்துக்கு நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் நான் எல்லோரையும் ஈம் கிராமத்துக்குக் கூட்டிப் போய்விடுவேன். டார்பிஷரில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே, ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் ஊர். இதுவரை யாரும் "அடுத்து?" என்று கேட்டதில்லை.

பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் "இயாம்" என்றுதான் வரும். ஊர்க்காரர்கள் சொல்வது "ஈம்". பேருந்தில் கேட்கும்போது இப்படியே கேளுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுநர் இரண்டு முறை "என்ன?" என்பார்.

1665இல் லண்டனைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் சூறையாடிக் கொண்டிருந்த நேரம். ஈமில் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்ற தையல்காரருக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. ஈரமாக இருந்ததால் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்து, கணப்பு அடுப்பின் முன்னால் உலரப் போட்டார். துணியோடு நோயைச் சுமந்த தெள்ளுப்பூச்சிகளும் வந்திருந்தன என்பது காலம்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். சில நாட்களில் விக்கர்ஸ் இறந்தார். அவரை அடக்கம் செய்தது 1665 செப்டம்பர் 7. அதே வீட்டுச் சிறுவன், அடுத்த வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர் என்று வரிசையாகச் சாவு விழுந்தது. குளிர்காலத்தில் கொஞ்சம் தணிந்தது. போய்விட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு 1666 கோடையில் முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தது. ஆகஸ்டில் மட்டும் சாவு 80ஐ நெருங்கியது. கடைசிச் சாவு நவம்பர் 1 அன்று. 14 மாதங்களில் ஏறத்தாழ 260 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஈமின் பெயர் நிலைத்தது இந்த எண்ணிக்கையால் அல்ல. இங்கிலாந்தில் இதைவிட மோசமாக அடிபட்ட ஊர்கள் உண்டு. 1666 ஜூனில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் மொம்பெசனும் அவருக்கு முன்னால் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஊராரிடம் மூன்று ஏற்பாடுகளைச் சொன்னார்கள். இறந்தவர்களைத் தேவாலயத்துக்குக் கொண்டுவராமல் அவரவர் குடும்பமே தோட்டத்திலோ வயலிலோ புதைக்க வேண்டும். வழிபாடு திறந்தவெளியில் நடக்கும். மூன்றாவதுதான் பெரியது: ஊருக்குள்ளிருந்து யாரும் வெளியே போகக் கூடாது, வெளியாட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. ஊர் ஒப்புக்கொண்டது. நோய் சுற்றுப்புற கிராமங்களுக்குப் பரவவில்லை.

இங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் காரை நிறுத்தியதும் தேவாலயத்துக்குப் போவார்கள், பக்கத்திலிருக்கும் "பிளேக் குடிசைகள்" முன்னால் படம் எடுப்பார்கள், தேநீர்க் கடையில் ஸ்கோன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதிலும் தவறில்லை. ஆனால் ஊர் நடுவில் இருப்பது சாவுப் பட்டியல் மட்டும்தான். ஊர் எடுத்த முடிவு என்னவென்று பார்க்க வேண்டுமானால் விளிம்புக்குப் போக வேண்டும். அதனால் நான் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வருகிறேன்.

தொடங்குவது பக்கத்துக் கிராமமான ஸ்டோனி மிடில்டனில். எட்டுப் பக்கச் சுவரோடு ஒரு தேவாலயம் அங்கே இருக்கிறது. அந்த வடிவமே அபூர்வம் என்பதால் ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். அங்கிருந்து மேடேறும் சந்து வழியாகப் போனால் புல்வெளிக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பாதி வழியில் தரையில் பதிந்தாற்போல ஒரு பாறை. கவனிக்காமல் போனால் மாடு முதுகு தேய்க்கும் கல் என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள். இதுதான் எல்லைக்கல்.

குனிந்து பாருங்கள். கல்லின் மேல் குழிகள் குடைந்திருக்கும், கட்டை விரல் நுழையும் அளவுக்கு. மூன்றரை நூற்றாண்டு மழையிலும், வந்தவர்கள் போனவர்கள் விரல் பட்டும், விளிம்பெல்லாம் வழவழப்பாகிவிட்டன. அந்தக் குழிகளில் வினிகர் ஊற்றி, ஈம் மக்கள் காசைப் போட்டு வைத்தார்கள். வினிகர் நோயைக் கழுவிவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. வெளியூர்க்காரர்கள் ரொட்டியும் மருந்தும் வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போனார்கள். இப்போதும் குழிகளில் சில்லறை கிடக்கும், பார்க்க வருபவர்கள் போட்டது. யாரும் எடுப்பதில்லை.

என் சித்தப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டன் பாலத்தைப் பார்த்தபோது பேசாதவர் இந்தக் கல்லைச் சுற்றி வந்தார். "ஏம்மா, எல்லைக்கல்லைப் பிடுங்கிப் பக்கத்துல நட்ட சண்டையத்தான் என் சர்வீஸ் முழுக்கப் பார்த்தேன். இங்க கல்லைத் தாண்டாமலே நின்னுருக்காங்களே" என்றார். நான் அவருக்கு விளக்க நினைத்து வைத்திருந்ததெல்லாம் தேவைப்படவில்லை.

இந்தப் பாதையில் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. வயல் தனியாருடையதுதான், ஆனால் பாதை பொது நடைபாதை. மஞ்சள் அம்புக்குறி போட்ட கம்பங்களைப் பின்பற்றினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கற்சுவர்களில் ஓர் ஆள் மட்டும் நுழையும் இடுக்கு வைத்திருப்பார்கள். அங்கங்கே மரக் கதவு இருக்கும், கடந்ததும் மூடிவிடுங்கள், ஆடுகள் வெளியே போய்விடும். சேலையோடு வரும் அத்தைமார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஜூலையில்கூடப் புல் ஈரமாகத்தான் இருக்கும். சேற்றுக்குத் தாங்கும் காலணி அவசியம். கைப்பேசி சிக்னல் மலைக்கு மலை மாறும், அதனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் காகித வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது, அதில் ஒவ்வொரு சுவரும் குறித்திருக்கும்.

பாதை ஊருக்குள் சேருமிடம் லிட்கேட். அந்தக் காலத்தில் ஊராரே முறை வைத்துக் காவல் நின்ற நுழைவாயில் அது. அங்கே வீடுகளுக்கு நடுவில் சின்னத் தடுப்புச் சுவருக்குள் இரண்டு கல்லறைகள் இருக்கின்றன, ஒரு தந்தைக்கும் அவர் மகளுக்கும். "வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள்" என்ற வரியின் பொருள் இங்கேதான் உறைக்கும். வெளியே குப்பைத் தொட்டி, ஜன்னலில் பூச்சட்டி, நடுவே 1666ஆம் ஆண்டுக் கல்லறை.

இப்போது தேவாலயத்துக்குப் போகலாம். செயின்ட் லாரன்ஸ் தேவாலயம். உள்ளே போவதற்கு முன்னால் வெளியிலேயே மூன்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஒன்று, சாக்ஸன் காலத்துக் கற்சிலுவை. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். தண்டின் ஒரு துண்டு எப்போதோ காணாமல் போனதால் இப்போது குட்டையாக நிற்கிறது. கொள்ளைநோய்க்கு 900 ஆண்டு மூத்த இந்தச் சிலுவையைப் பலரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு, சுவரில் பதித்த 1775ஆம் ஆண்டு சூரியக் கடிகாரம். நேரம் காட்டுவதோடு தூர தேசத்து ஊர்ப் பெயர்களும் அதில் செதுக்கியிருக்கும். வெயில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மூன்று, கேதரின் மொம்பெசனின் கல்லறை. பாதிரியாரின் மனைவி. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்து 1666 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார்.

உள்ளே 1985இல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் கதை முழுவதையும் படமாகச் சொல்கிறது. குழந்தைகளை இதன் முன்னால் நிறுத்திவிட்டால் போதும். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் உண்டு. சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "இது அசலா, நகலா?" அங்கிருந்த வயதான தன்னார்வலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்போதிருக்கும் அடக்கப் பதிவேடு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படியெடுத்தது, அசல் இல்லை என்றார். அதனால்தான் இறந்தோர் எண்ணிக்கை ஓரிடத்தில் 260, இன்னோரிடத்தில் 273 என்று மாறும். ஊரின் மொத்த மக்கள்தொகையிலும் இதே குழப்பம். 350 பேரில் 83 பேர்தான் தப்பினார்கள் என்பது பழைய கணக்கு. பிற்கால ஆய்வுகள் ஊரில் 700, 800 பேர் இருந்திருப்பார்கள் என்கின்றன. இரண்டு கணக்கும் ஒரே நினைவுப் பொருள் கடையில் விற்கும். இங்கே தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுக்கத் தயங்காதீர்கள். பலகையில் எழுதாத விஷயம் நிறைய அவர்களிடம்தான் இருக்கிறது.

அடுத்து அந்தக் குடிசைகள். தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் முன்னாலும் பலகை: இந்த வீட்டில் இன்னார் இன்னார் இந்தத் தேதியில் இறந்தார்கள். விக்கர்ஸ் துணியை உலர்த்திய வீடு இங்கேதான். முக்கியமாகச் சொல்ல வேண்டியது, இந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், நம்மவர்களும் அதில் உண்டு. பலகையைப் படியுங்கள், படம் எடுங்கள், தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். வாசல் கதவில் பதிமூன்று பேர் பெயரை மாட்டிக்கொண்டு எப்படித் தூங்குகிறார்கள் என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஈம் ஹால் 1672ஐ ஒட்டிக் கட்டிய மாளிகை. எதிரே திடலில் குற்றவாளிகளின் காலை மாட்டி உட்கார வைக்கும் மரப் பூட்டு இருக்கிறது, எல்லோரும் அதில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். சாலையோரக் கல் தொட்டிகள் 16ஆம் நூற்றாண்டுத் தண்ணீர் ஏற்பாட்டின் மிச்சம். ஊரின் பழைய பிழைப்பு ஈயச் சுரங்கம். இவையெல்லாம் நடக்கும் வழியிலேயே வந்துவிடும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

நேரம் ஒதுக்க வேண்டியது ரைலி கல்லறைகளுக்கு. ஊரின் கிழக்கே அரை மைல். மரங்களுக்கிடையே ஏறும் பாதை, மூச்சு வாங்கும். மேலே போனதும் மரங்கள் விலகி, சரிவான புல்வெளியில் இடுப்பளவுக்கும் குறைவான வட்டச் சுவர் ஒன்று தெரியும். உள்ளே ஒரு மேடைக் கல்லறை, ஆறு நடுகற்கள். எல்லாம் ஹான்காக் குடும்பம். 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களில் எலிசபெத் ஹான்காக் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தார். தொடுவதற்கு ஆள் கிடையாது என்பதால் ஒவ்வோர் உடலையும் தானே இழுத்து வந்து, தானே குழி தோண்டிப் புதைத்தார். நாற்றம் தாங்காமல் வாயைத் துணியால் கட்டிக்கொண்டார் என்பார்கள். கல்லில் இருக்கும் தேதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பாருங்கள். எல்லாம் அந்த எட்டு நாட்களுக்குள். பின்னர் எலிசபெத் ஷெஃபீல்டில் இருந்த, உயிரோடு மிஞ்சிய மகனிடம் போய்விட்டார். இந்த இடம் இப்போது பழமையான இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. கட்டணம் இல்லை, காவலாளி இல்லை, ஒரு கதவு மட்டும்.

முழங்கால் வலிக்காரர்களை இங்கே ஏற்ற வேண்டாம். சித்தப்பா அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மொம்பெசன் கிணறும் அப்படித்தான். ஊருக்கு வடக்கே மலைமேல் இருக்கிறது, நடந்து போனால் செங்குத்து. காரில் போனால் சாலையோரத்திலேயே நிறுத்திப் பார்க்கலாம். கிணறு என்றதும் நம்மூர்க் கிணற்றை நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். கல்லால் கட்டிய சின்ன ஊற்று, அவ்வளவே. இங்கேயும் வெளியூர்க்காரர்கள் உணவு வைத்துப் போவார்கள், காசு ஓடும் தண்ணீரில் கிடக்கும். சாட்ஸ்வொர்த்தில் இருந்த டெவன்ஷர் பிரபு ஊருக்கு உணவுப் பொருள் அனுப்பி உதவினார் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து சோறு வராமல் இந்த அடைப்பு ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

தேவாலயத்துக்கு மாற்றாக வழிபாடு நடந்த பள்ளத்தாக்கு கக்லெட் டெல்ஃப். குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நிற்பார்களாம். ஸ்டோனி மிடில்டன் பையன் ஒருவனும் ஈம் பெண் எம்மட் சிடாலும் இந்தப் பள்ளத்தின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒரு நாள் அவள் வரவில்லை என்று ஒரு காதல் கதை உண்டு. எம்மட் 1666 ஏப்ரலில் இறந்தது பதிவில் இருக்கிறது. மீதி எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்த்தது என்று என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் சேர்த்ததாகத்தான் தோன்றுகிறது.

இந்த ஊரின் கதையை ஒரேயடியாகத் தியாகக் கதையாக்கிச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மொம்பெசன் தன் இரண்டு குழந்தைகளையும் அடைப்புக்கு முன்பே யார்க்ஷருக்கு அனுப்பிவிட்டார். வசதியுள்ள சிலரும் நேரத்தோடு கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்த சுரங்கத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் போக்கிடம் ஏது? வெளியூரில் கால் வைத்தால் கல்லெறிதான் கிடைத்திருக்கும். இரண்டு பாதிரியார்களின் கதையும் நேரானது இல்லை. ஸ்டான்லி, அரசு விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர். மொம்பெசன் அந்த இடத்துக்கு வந்த, முப்பதைத் தொடாத இளைஞர். ஊராருக்குப் புதியவரைப் பிடிக்கவில்லை. ஸ்டான்லி பக்கத்தில் நிற்காமல் மொம்பெசன் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பகையை ஒதுக்கி வைத்து இருவரும் சேர்ந்தார்களே, எனக்கு இதுதான் ஈமின் பெரிய விஷயம். அப்புறம் மார்ஷல் ஹவ் என்று ஒருவர். நோய் வந்து பிழைத்தவர், இனித் தனக்கு வராது என்று மற்றவர்களின் பிணங்களைப் புதைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கூலி, செத்தவர் வீட்டுப் பொருட்கள். அவர் மனைவியும் மகனும் நோயில் போனார்கள். தியாகி என்பதா, வேறு என்னவென்று சொல்வதா?

2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஊரின் பதிவேட்டை வைத்தே கணக்குப் போட்டது. தொற்றுகளில் ஏறத்தாழ முக்கால்வாசி எலியிடமிருந்து அல்ல, மனிதரிடமிருந்து மனிதருக்குப் போயிருக்கிறது, அதிலும் வீட்டுக்குள்ளேயே அதிகம். அடைப்பு வெளியூர்களைக் காப்பாற்றியது. உள்ளே ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களை அது காப்பாற்றவில்லை. கொரோனா ஊரடங்கின்போது இங்கிலாந்துப் பத்திரிகைகள் ஈமைத் தேடி ஓடின. பெரும்பாலும் எல்லைக்கல்லைப் பற்றித்தான் எழுதினார்கள், வீட்டுக்குள் நடந்ததைப் பற்றிக் குறைவு.

நோய் ஓய்ந்த பிறகு மொம்பெசன் 1669இல் நாட்டிங்ஹாம்ஷரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த ஊர்க்காரர்கள் பயந்துபோய் அவரை உடனே உள்ளே விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பூங்காவில் குடிசையில் தங்கினார் என்று சொல்கிறார்கள். அடைப்பு போட்டவருக்கே அடைப்பு.

அருங்காட்சியகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1994இல் பழைய மெத்தடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் தொடங்கியது. கூரைமேல் காற்றுக்காட்டியாக ஒரு எலி நிற்கும். வெளியே எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட்டு உள்ளே போனால் பெயர்களெல்லாம் தெரிந்த பெயர்களாக இருக்கும், வேகமாக முடித்துவிடலாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வாரத்தில் எல்லா நாளும் திறப்பதும் இல்லை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே வாகன நிறுத்தமும் கழிப்பறையும் உண்டு. அங்கே கட்டணம் கட்டும் இயந்திரம் அட்டையை ஏற்க மறுத்த நாட்கள் எனக்கு உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாதவர்கள் ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் வரலாம், ஆனால் எண்ணிக்கை குறைவு, மாலையில் இன்னும் குறைவு. திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலிலேயே பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு கிரிண்டில்ஃபோர்ட் ரயில் நிலையம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்.

நாள் உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசி ஞாயிறு "பிளேக் ஞாயிறு". தேவாலயத்திலிருந்து ஊர்வலமாகப் போய் கக்லெட் டெல்ஃபில் வழிபாடு நடத்துவார்கள், கேதரின் கல்லறையில் மலர் வைப்பார்கள். மற்ற நாட்களில் அந்தப் பள்ளத்தாக்குக்குள் போவது அவ்வளவு எளிதில்லை. அதே வாரத்தில் "கிணறு அலங்காரம்" என்ற டார்பிஷர் வழக்கத்தையும் பார்க்கலாம். பெரிய மரப்பலகையில் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் பூவிதழ், விதை, பாசி, இலைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்வார்கள். பலகை முன்னால் நின்று பார்த்தால் ஹைட்ரேஞ்சா இதழை ஓட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மழைத் தண்ணீர் வடியும்படி பதித்திருப்பது தெரியும். ஒரு வாரத்தில் வாடிவிடும், கலைத்துவிடுவார்கள். பிளேக் ஞாயிறன்று கூட்டம் அதிகம், தேநீர்க் கடையில் இடம் கிடைக்காது. புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், திடலில் பெஞ்சுகள் இருக்கின்றன.